நியாய விலைச் சாப்பாடு

சென்னை கதீட்ரல் சாலையில் 1962-இல் தொடங்கப்பெற்ற உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் 2008-இல் மூடப்பட்டபோது, நெருங்கிய உறவினர் ஒருவரை இழந்தாற்போலப் பலர் பேசினர். 2010-இல் அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. பெயர்பெற்ற உணவகம், ஆதலால் அதற்கு இரங்குவோர் இருந்தனர். பெயர்ப்பலகையில் பாதி எழுத்து அழிந்துபோன தெருமுனை உணவகத்திற்கு யார் இரங்குவார்? ஒரு நாள் கதவு பூட்டியிருக்கும். சில மாதங்களில் அங்கே கைப்பேசி விற்பனை நடக்கும்.

அங்கு நாள்தோறும் உண்டவர்களை எண்ணிப் பார்ப்போம். மனைவியை இழந்த முதியவர், பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த இளைஞர், மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையிருப்பவர். கையில் காசில்லாத மாதக் கடைசியில் கணக்கில் எழுதிக்கொண்டு சோறு போட்ட கல்லா அது. “இரண்டு நாளாக ஐயாவைக் காணோமே” என்று பரிமாறுபவர் விசாரித்த இடம் அது. இந்த விசாரிப்புக்கு விலைப்பட்டியலில் இடமில்லை. ஆயினும் சாப்பாட்டோடு சேர்ந்தே அது கிடைத்தது. வணிகத்திற்குப் புறம்பே மட்டுமன்றி அதற்கு உள்ளேயும் கொடையுள்ளம் செயல்பட வேண்டும் என்று 2009-இல் வெளியான ‘உண்மையில் அன்பு’ சுற்றுமடலில் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் கற்பித்தார். நம் தெருமுனையில் அதற்குச் சான்று இருந்தது.

ஆனால் பழைய உணவகத்தை நினைத்து உருகுவோர் ஒன்றை மறந்துவிடலாகாது. அந்த மலிவு எங்கிருந்து வந்தது? மேசை துடைத்த சிறுவனின் கையிலிருந்தும் வந்தது. பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் அவன் எச்சில் இலை எடுத்தான். இரவில் அடுப்படிக்கு அருகில் சாக்கு விரித்து உறங்கினான். உணவகங்களில் சிறுவரை வேலைக்கு வைப்பதற்கான தடை 2006 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்ட இடம் என்ற பெருமையும் முழு உண்மை அன்று. திருவல்லிக்கேணி உணவகம் ஒன்றின் பெயரிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரி 1957-இல் பெரியார் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. சிற்றூர்த் தேநீர்க்கடைகளின் இரட்டைக் குவளையை நம்மவருள் பலர் தம் உதட்டாலேயே அறிவர்.

ஆகவே உணவின் விலை உயர்ந்ததே அநீதி என்று சொல்லிவிட முடியாது. பரிமாறுபவருக்கு வாழத்தக்க ஊதியம் கொடுத்தால் இட்லியின் விலை உயரத்தான் செய்யும். வேலை செய்பவர் ஒப்புக்கொண்டார் என்பதாலேயே ஒரு கூலி நியாயமாகிவிடாது என்று 1891-இலேயே திருத்தந்தை 13-ஆம் லியோ எழுதினார். அதை ஏற்றுக்கொண்ட நாம், உண்டபின் வரும் சீட்டைப் பார்த்து முகம் சுளிப்பது எவ்வாறு பொருந்தும்?

எனினும், நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் முழுவதும் அந்தத் தொழிலாளியைச் சேர்வதில்லை. 2017 நவம்பர் முதல் பெரும்பாலான உணவகங்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு. கேட்பதற்குச் சிறிய தொகைதான். ஆனால் வாடகைக்கும் வணிக எரிவாயு உருளைக்கும் செலுத்தும் 18 விழுக்காட்டு வரியை அதில் கழித்துக்கொள்ள வழியில்லை. கைப்பேசி வழியே உணவு கொண்டுசேர்க்கும் நிறுவனங்கள் தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. அவற்றின் நடைமுறைகள் பற்றி உணவக உரிமையாளர் சங்கம் முறையிட, இந்தியப் போட்டி ஆணையம் 2022-இல் விசாரணைக்கு ஆணையிட்டது. வீட்டு வாசலில் பொட்டலத்தைத் தரும் இளைஞரின் பெயரைக்கூட நாம் கேட்பதில்லை. அடுத்த அழைப்புக்கு ஓட வேண்டியிருப்பதால் நம்மை விசாரிக்க அவருக்கும் நேரமில்லை.

இவை எல்லாவற்றிலும் கனமானது வாடகை. தெரு வளர்ந்தால் நிலத்தின் மதிப்பு ஏறுகிறது. அதை ஏற்றியதில் அந்த உணவகத்திற்கும் பங்குண்டு. அந்த ஏற்றமே அதை வெளியே தள்ளுகிறது. அக்குவினா புனித தோமையார் நியாய விலையை ஆராயும்போது ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டுகிறார். பொருளைக் கைவிடுவதால் விற்பவருக்கு இழப்பு நேருமாயின், அதற்கு ஈடாகக் கூடுதல் விலை கேட்கலாம். வாங்குபவரின் தேவை மிகுதி என்பதற்காக மட்டும் விலையை ஏற்றலாகாது. அந்தத் தேவை விற்பவருடைய சொத்து அன்று. அவர் பேசியது விற்பனையைப் பற்றி. வாடகைக்கும் இதைப் பொருத்திப் பார்ப்பதில் தவறில்லை என்றே எண்ணுகிறேன். முப்பது ஆண்டுகளாக அதே இடத்தில் அடுப்பு மூட்டியவருக்கு வேறிடம் போக வழியில்லை என்பதை அறிந்து கேட்கும் தொகை, யாருடைய இழப்புக்கு ஈடு?

இந்தக் கேள்வி நிலவுடைமையாளர் யாவருக்கும் உரியது, நமக்கும் உரியது. நம் பங்குகள் பலவற்றில் ஆலய மதிலை ஒட்டிச் சாலையோரக் கடைகள் உள்ளன. அவற்றின் வாடகையிலிருந்து பள்ளிக்குக் கூரையும் ஏழை மாணவருக்குக் கட்டணமும் கிடைக்கின்றன. அதைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. பங்கின் நிதிக்குழுவில் அமர்பவர்கள் பொதுநிலையினராகிய நாமே. வாடகையை உயர்த்துவது பற்றிய பொருள் அடுத்த கூட்டத்தில் வரும்போது, வங்கியின் தானியங்கிப் பண இயந்திரத்திற்காக ஒருவர் இருமடங்கு தர முன்வந்திருப்பார். விடியற்காலைத் திருப்பலி முடிந்து தனியே வரும் முதியவர்கள் அந்த இடத்தில்தான் இப்போது இரண்டு இட்லி உண்கிறார்கள். அவர்கள் எத்தனை பேர் என்று அன்றைய கூட்டத்தில் யாராவது கேட்க வேண்டும்.