சோம்பலா, இயலாமையா?

 



நபி (ஸல்) அவர்கள் அதிகமாகக் கேட்டு வந்த ஒரு துஆவை நம்மில் பலர் அன்றாடம் ஓதி வருகிறோம். கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கஞ்சத்தனம், கோழைத்தனம், கடன் சுமை, மனிதர்களின் அடக்குமுறை ஆகியவற்றை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடும் துஆ அது. புகாரியில் பதிவாகியுள்ளது. அதில் ‘அஜ்ஸ்’, ‘கஸல்’ என்று இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வருவதைக் கவனித்திருக்கிறீர்களா?

அஜ்ஸ் என்றால் இயலாமை. மனம் இருக்கும், சக்தி இருக்காது. கஸல் என்றால் சோம்பல். சக்தி இருக்கும், மனம் இருக்காது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டு பேருமே படுத்திருப்பார்கள். ஆனால் மார்க்கத்தின் பார்வையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. சோம்பல் கண்டிக்கத்தக்கது. இயலாமைக்கோ மார்க்கம் சலுகை வைத்திருக்கிறது.

இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதால் அதிகம் காயப்படும் நோயாளிகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

தூங்கினாலும் தீராத களைப்பு

‘க்ரானிக் ஃபட்டீக் சிண்ட்ரோம்’ எனப்படும் நாட்பட்ட களைப்பு நோய், பலருக்குக் காய்ச்சலோ வேறு கிருமித் தொற்றோ வந்து போன பிறகு தொடங்குகிறது. கோவிட் வந்து போன பிறகும் பலரிடம் இதே அறிகுறிகள் காணப்படுகின்றன. 6 மாதத்துக்கு மேலாகியும் முன்பு செய்த வேலைகளைச் செய்ய முடியாது. இரவெல்லாம் தூங்கினாலும் களைப்பு தீராது. எழுந்து நின்றால் தலை சுற்றும். படித்தது மனதில் நிற்காது.

இதன் முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு. சக்திக்கு மீறி ஒரு வேலை செய்தால் நோய் அதிகமாகும். அதுவும் உடனே தெரியாது. ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத்தான் ஆளைச் சாய்க்கும்.

ஒரு சகோதரி ஞாயிற்றுக்கிழமை ஒரு நிக்காஹுக்கு வருகிறார். சிரித்துப் பேசுகிறார், சாப்பிடுகிறார். செவ்வாய்க்கிழமை அவர் இருட்டறையில் எழ முடியாமல் படுத்திருக்கிறார். “கல்யாணத்துக்குப் போக முடியுது, அடுப்படியில நிக்க மட்டும் முடியலையோ?” என்று வீட்டில் கேட்கிறார்கள். கேட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தார்கள். அதற்கு அந்தச் சகோதரி கொடுத்த விலையைப் பார்க்கவில்லை.

ரத்தப் பரிசோதனையில் இந்த நோய் தெரிவதில்லை. ‘ரிப்போர்ட் எல்லாம் நார்மல்’ என்று வந்தவுடன், ‘அப்படியானால் இது நடிப்பு’ என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

பார்க்காமலே சொன்ன தீர்ப்பு

படித்தவர்களும் இந்தத் தவறைச் செய்திருக்கிறார்கள். 1955இல் லண்டனில் உள்ள ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஏறத்தாழ 300 பேர் திடீரென நோய்வாய்ப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அங்கு வேலை பார்த்தவர்கள். தலைவலி, தசைப் பலவீனம், கடும் களைப்பு என்று அறிகுறிகள். மருத்துவமனையையே சில மாதங்கள் மூட வேண்டியதாயிற்று. 15 ஆண்டுகள் கழித்து, 1970இல், இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய நோய்க் குறிப்பேடுகளைப் படித்துவிட்டு, அது கூட்டமாக வந்த ‘ஹிஸ்டீரியா’ என்று எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் ஒரு காரணமாகக் காட்டினார்கள். ஆனால் அந்த நோயாளிகளை அவர்கள் நேரில் பரிசோதிக்கவே இல்லை.

இத்தனைக்கும் 1969இலேயே உலக சுகாதார நிறுவனம் இதை நரம்பு மண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. 2015இல் அமெரிக்காவின் மருத்துவக் கழகமும், இது உடல் முழுவதையும் பாதிக்கும் கடுமையான நோய் என்று விரிவான அறிக்கை வெளியிட்டது. நடுவில் எத்தனை ஆண்டுகள், எத்தனை பேர் ‘நடிக்கிறார்கள்’ என்ற பட்டத்தைச் சுமந்தார்களோ, அல்லாஹ்வே அறிவான்.

அதிகமான சந்தேகங்களைத் தவிர்த்துக்கொள்ளும்படி அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். சந்தேகங்களில் சில பாவமாகும் என்றும் எச்சரிக்கிறான். நோயாளியின் படுக்கை அருகே நின்று நாம் நினைக்கும் நினைப்புக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

சலுகையை மறுத்ததால் போன உயிர்

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி அபூதாவூதில் இருக்கிறது. ஒரு பயணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம் பட்டது. பிறகு அவருக்குக் குளிப்பு கடமையாயிற்று. தயம்மும் செய்துகொள்ள எனக்கு அனுமதி உண்டா என்று கூட இருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது உமக்குச் சலுகை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள், அவரைக் கொன்றுவிட்டார்களே என்று கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேட்டுத் தெரிந்துகொள்வதுதானே என்றார்கள்.

அந்தத் தோழர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மார்க்கப் பற்றில்தான் சொன்னார்கள். அப்படியும் ஓர் உயிர் போயிற்று.

இந்த நோயாளிகளுக்கும் பல ஆண்டுகள், ‘கொஞ்சம் கொஞ்சமாக உடற்பயிற்சியைக் கூட்டு, சரியாகிவிடும்’ என்று சொல்லப்பட்டது. பலர் அதனால் இன்னும் மோசமானார்கள். 2021இல் பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு தன் வழிகாட்டுதலைத் திருத்தி, இந்த நோய்க்கு அப்படிப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சியைக் கொடுக்கக் கூடாது என்று அறிவித்தது.

தூண்களுக்கு நடுவே ஒரு கயிறு

அப்படியானால் நோயாளி என்ன செய்ய வேண்டும்? அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் பள்ளிக்குள் நுழைந்தபோது இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. ஸைனப் (ரலி) அவர்கள் தொழுது களைத்தால் பிடித்துக்கொள்ளும் கயிறு அது என்றார்கள். அதை அவிழ்க்கச் சொன்ன நபியவர்கள், உற்சாகம் இருக்கும்போது தொழுங்கள், களைத்தால் உட்கார்ந்துவிடுங்கள் என்று கற்றுக்கொடுத்தார்கள்.

இன்று மருத்துவர்கள் இந்த நோயாளிகளுக்குச் சொல்லும் முதல் அறிவுரையும் இதுதான். இருக்கும் சக்தியை அளந்து செலவழியுங்கள், விழுவதற்கு முன்பே ஓய்வெடுங்கள் என்கிறார்கள். உட்கார்ந்து காய்கறி நறுக்கலாம், உட்கார்ந்து உளூச் செய்யலாம். ‘இன்று நன்றாக இருக்கிறேனே’ என்று மூன்று நாள் வேலையை ஒரே நாளில் செய்யாதீர்கள். இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை போன்ற வேறு காரணங்கள் இருக்கின்றனவா என்று முதலில் பரிசோதியுங்கள். தூக்கம், வலி, தலைசுற்றல், உணவு, மனச்சோர்வு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மருத்துவரிடம் உதவி கேளுங்கள். நோய் முழுதும் போகாவிட்டாலும் வாழ்க்கை இலேசாகும்.

இந்த நோயை முழுமையாகப் போக்கும் மருந்து இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. எந்த நோய்க்கும் அல்லாஹ் நிவாரணம் வைத்திருக்கிறான் என்பது நம் நம்பிக்கை. ஆனால் ‘இதுதான் அந்த நிவாரணம்’ என்று ஆதாரமில்லாமல் பணம் பறிப்பது மோசடி. எச்சரிக்கையாக இருங்கள்.

நோயுற்ற சகோதரரே, சகோதரியே! தொழுகைக்குச் சோம்பலாக நிற்பவர்கள் நயவஞ்சகர்கள் என்ற வசனத்தைக் கேட்டு, நானும் அப்படித்தானோ என்று நீங்கள் அழுதிருக்கலாம். அன்னிஸா அத்தியாயத்தின் அந்த 142ஆம் வசனம், மக்களுக்குக் காட்டுவதற்காகத் தொழுபவர்களைப் பற்றியது. நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் படுத்தும் தொழுமாறு இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்னது உங்களுக்கும்தான். நோன்புக்கும், ஜும்ஆவுக்கும் உள்ள சலுகைகளை ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆரோக்கியமாக இருந்தபோது வழமையாகச் செய்த அமல்களின் கூலி, நோயுற்ற அடியாருக்குத் தொடர்ந்து எழுதப்படுகிறது என்ற நற்செய்தி புகாரியில் உள்ளது.

‘அப்படியானால் சோம்பேறிகளும் நோய் என்று சொல்லித் தப்பித்துவிடுவார்களே?’ என்று ஒருவர் கேட்கலாம். தப்பிக்கலாம், நம்மிடமிருந்து. தபூக் போருக்கு வராத 80க்கும் மேற்பட்டோர் வந்து காரணம் சொன்னபோது, நபி (ஸல்) அவர்கள் சொன்னதை ஏற்றுக்கொண்டு, அவர்களின் உள்ளத்தை அல்லாஹ்விடம் விட்டுவிட்டார்கள். வஹீ இறங்கிய நபியே அப்படி நடந்துகொண்டார்கள் என்றால், அடுத்தவர் உள்ளத்தைத் திறந்து பார்க்க நாம் யார்? கஸல் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டிய உள்ளம் ஒன்றுதான், அது நம்முடைய சொந்த உள்ளம்.

ஆகவே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரம் போய்ப் பாருங்கள். நெடுநேரம் உட்காராதீர்கள், பேச்சுக் கொடுத்துக் களைப்பாக்காதீர்கள். ஒரு வேளைச் சாப்பாடு கொடுத்துவிட்டு, “நீங்க சொல்றதை நான் நம்புறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.

யா அல்லாஹ்! நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! அவர்களின் பொறுமைக்கு நிறைவான கூலி தருவாயாக! அவர்களைப் பற்றித் தவறாக எண்ணுவதை விட்டும், எங்கள் நாவுகளால் அவர்களைக் காயப்படுத்துவதை விட்டும் எங்களைக் காப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.