நீரில் வைத்த கால்

ஒட்டுண்ணி என்ற சொல் நம் பேச்சில் வசைமொழியாகிவிட்டது. பிறர் உழைப்பில் வாழ்பவனை அவ்வாறு இகழ்கிறோம். இயற்கையிலுள்ள ஒட்டுண்ணிமீது இந்தக் குற்றத்தைச் சுமத்த இயலாது. நன்மை தீமை என்ற பேதம் அதற்குத் தெரியாது. ஆயினும் அதனால் விளையும் துன்பம் மெய்யானது. எனவே அகிம்சையைப் போற்றுவோர்முன் ஒரு வினா எழுகிறது: தீய நோக்கமே இல்லாத ஓர் உயிரை, அது நமக்குத் துன்பம் தருகிறது என்பதற்காக உலகிலிருந்தே அகற்றுவது தகுமா?

இவ்வினாவை நம் நாட்டிலேயே எழுப்பிய உயிர் ஒன்று உண்டு. கினிப் புழு என்று இன்று வழங்கும் அதனால் வரும் நோய்க்குத் தமிழில் நரம்புச் சிலந்தி என்று பெயர். (இங்குச் சிலந்தி என்பது எட்டுக்காற் பூச்சியன்று; புண், கட்டி என்ற பழம்பொருளில் வருவது.) தேங்கிய நீரில் வாழும் மிகச் சிறிய நீர்ப்பூச்சிகள் இப்புழுவின் குஞ்சுகளை விழுங்குகின்றன. அந்நீரைப் பருகும் மனிதனின் வயிற்றில் பூச்சி மடிய, குஞ்சுகள் வெளிப்பட்டு அவன் உடலுக்குள் புகுகின்றன. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அவன் ஏதும் அறிவதில்லை. பிறகு, ஒரு மீட்டர் நீளம்வரை வளர்ந்த பெண்புழு, பெரும்பாலும் காலில், தோலின்மீது கொப்புளத்தை உண்டாக்குகிறது. நெருப்பை வைத்தாற்போன்ற எரிச்சல்! அதைத் தணிக்க அவன் காலை நீரில் வைக்கிறான். புழுவுக்கு வேண்டியதும் அதுவே. நீர் பட்டவுடன் அது பல்லாயிரம் குஞ்சுகளை வெளியிடுகிறது. அவன் தேடிய ஆறுதல் அடுத்தவருக்கு நோயாகிறது. அவனும் தீங்கு நினைக்கவில்லை, புழுவும் நினைக்கவில்லை.

இராஜஸ்தானத்துப் படிக்கிணறுகளில் இது நெடுங்காலம் நிகழ்ந்தது. தடுப்பூசியோ குணமாக்கும் மருந்தோ கிடையாது. ஆகவே 1980-களில் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்தில் படிக்கிணறுகளை இறைகிணறுகளாக மாற்றினார்கள். குடிநீரைத் துணியால் வடிகட்டக் கற்பித்தார்கள். நீர்ப்பூச்சிகளைக் கொல்லும் மருந்தும் இடப்பட்டது, அதை மறைப்பதற்கில்லை. இல்லறத்தான் தன்னை அறியாமல் உயிர்க்கொலை செய்யும் ஐந்து இடங்களுள் தண்ணீர்க் குடத்தையும் மனு ஸ்மிருதி சேர்த்திருக்கிறது. முழு அகிம்சை உடலெடுத்தவனுக்கு எட்டாதது என்பதை நம் முன்னோர் ஒளிக்கவில்லை.

துணியால் வடித்த நீரையே பருக வேண்டும் என்பது அதே நூல் துறவிக்கு இடும் விதி. சமணர்களோ இல்லறத்திலும் இதைக் கைக்கொண்டு, துணியில் தங்கிய உயிர்களை நீர்நிலைக்கே திருப்பி விடும் வழக்கமுடையவர்கள். மனிதனால் நீருயிர்கள் மடியலாகாது என்பதே அதன் நோக்கம். அவ்வுயிர்களை மனிதனிடமிருந்து காக்கப் பிறந்த துணி, இங்கே மனிதனைப் புழுவிடமிருந்து காத்தது. ஒட்டுண்ணியைத் தாங்கும் உயிரைப் பாடநூல்கள் ஓம்புயிரி என்கின்றன. ஓம்ப மறுப்பதை இம்சை என்று கூற என் மனம் ஒப்பவில்லை.

ஆனால் துணி, குடிப்பவனை மட்டுமே காக்கும். புழுவின் சுற்று அறுபட வேண்டுமாயின், கொப்புளம் வெடித்தவன் கிணற்றில் இறங்காதிருக்க வேண்டும். அதனால் அவனுக்கு யாதொரு பயனும் இல்லை. அவன் நோய் வந்தாயிற்று. புழுவைக் குச்சியில் சுற்றி நாள்தோறும் சிறிது சிறிதாக வெளியே எடுக்கும் வாரங்கள் முழுவதும், தான் அறியாத யாரோ ஒருவர் அடுத்த ஆண்டு நோயுறாதிருக்க, அவன் கரையிலேயே இருக்க வேண்டும். அறத்தின் சுமை, ஏற்கெனவே துன்புறுபவன் தலைமீது ஏற்றப்பட்டது. இது நியாயமா என்று கேட்டால், நியாயமன்று என்றே சொல்வேன். எனினும் வேறு வழி இருக்கவில்லை. மக்கள் அதைச் சுமந்தார்கள்.

இந்தியாவின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ஜோத்பூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டார். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டுக்குச் சான்றளித்தது. 1986-இல் உலகில் சுமார் 35 இலட்சம் பேரை வருத்திய இந்நோய், 2024-இல் 15 பேரிடம் மட்டுமே காணப்பட்டது. ஆப்பிரிக்காவின் சாட் நாட்டிலோ 2012 முதல் அது நாய்களிடமும் காணப்படுகிறது. நாயிடம் சென்று, பிறருக்காக நீரில் இறங்காதிரு என்று வேண்டிக்கொள்ள இயலாது. அங்குள்ள ஊர்மக்கள் அவற்றைக் கட்டிவைத்து, உணவும் நீரும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.