கையா, தொடையா? வெட்கமும் வைத்தியமும்

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடித்துச் சின்னசேலத்தில் நாம் பள்ளிவாசல் படி இறங்கிக் கொண்டிருந்தபோது, நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு வாலிபர் சேலத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார். “ஹஜ்ரத், அம்மாவுக்கு நெஞ்சு வலி. இதயக் குழாயில் அடைப்பாம், ஸ்டென்ட் வைக்கணுமாம். தொடை வழியாகத்தான் வைப்போம் என்கிறார் டாக்டர். ஆண் டாக்டர். அம்மா ஒரேயடியாக மறுக்கிறார்கள். மார்க்கத்தில் என்ன சொல்லியிருக்கிறது?”

இக்காலத்தில் மணிக்கட்டு வழியாகவும் இந்த வைத்தியம் நடக்கிறது என்பது நமக்குத் தெரிந்திருந்தது. ஷரீஅத்தின் சட்டமும் நாவின் நுனியில் இருந்தது. நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை ஆகுமாக்கும். ஆனால் நிர்ப்பந்தத்தின் அளவுக்கு மட்டுமே. கை வழியே காரியம் ஆகுமானால் அவ்ரத்தைத் திறக்க ஏது நிர்ப்பந்தம்? எனவே, “கை வழியாகச் செய்யச் சொல்லுங்கள், முடியாது என்றால் வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்” என்றோம். அந்தக் கடைசி வார்த்தை இன்றும் நம் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

அவர்கள் அப்படியே செய்தார்கள். இரண்டாவது இடத்தில் டாக்டர் பழைய காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அம்மாவுக்குச் சிறுநீரகம் பலவீனமாக இருக்கிறது. நாளைக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டால் இந்தக் கையின் குழாய்கள்தான் வேண்டும். அதில் கை வைக்கக் கூடாது என்றுதான் தொடையைச் சொல்லியிருக்கிறார்கள்” என்றாராம். ஓர் இரவு வீணாயிற்று. அந்த இரவில் மூச்சுத் திணறலும் வந்தது. அல்லாஹ்வின் கிருபையால் மறுநாள் தொடை வழியாகவே ஸ்டென்ட் வைக்கப்பட்டு அவர்கள் பிழைத்தார்கள்.

பெருமானார் (ஸல்) காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தை ஹஜ்ரத் ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள், அபூதாவூதில் பதிவாகியுள்ளது. பிரயாணத்தில் தலையில் கல் பட்டுக் காயமடைந்த ஒருவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்யலாமா என்று கேட்டார். தண்ணீர் இருக்கும்போது கூடாது என்றார்கள் உடனிருந்தோர். குளித்தார், இறந்து போனார். செய்தி கேட்ட அண்ணலார் (ஸல்), அவர்கள்தாம் அவரைக் கொன்றார்கள் என்று கடிந்து, தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா என வருந்தினார்கள். இதை மதரஸாவில் பலமுறை ஓதியிருக்கிறோம். ஓதியது வேறு, அது நம்மைப் பற்றியது என்று உணர்வது வேறு.

அதன்பின் நாம் ஒரு மருத்துவரிடம் உட்கார்ந்து விவரமாகக் கேட்டறிந்தோம். 1977-இல் ஜூரிச்சில் குருன்ட்சிக் என்பவர் முதன்முதலில் இதயக் குழாயில் பலூன் விரித்தார். நம் நாட்டில் 1986-இல் சென்னையில் டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல் இதைத் தொடங்கி வைத்தார். அன்று தொடைதான் பொதுவழி. 1989-இல் மான்ட்ரியாலின் கம்போ மணிக்கட்டு வழியே ஆஞ்சியோ எடுத்ததை வெளியிட்டார். 1992-இல் ஆம்ஸ்டர்டாமில் கீமனெய் அதே வழியில் அடைப்பையே நீக்கத் தொடங்கினார்.

மணிக்கட்டின் குழாய் எலும்பின்மேல் கிடப்பதால் அழுத்தினால் ரத்தம் நின்றுவிடும். அது அடைபட்டாலும் கைக்கு இன்னொரு குழாய் உண்டு. நோயாளி விரைவில் எழுந்து நடக்கலாம். தொடையின் குழாயோ ஆழமானது. அங்கே கசியும் ரத்தம் கண்ணுக்குத் தெரியாமல் வயிற்றின் பின்புறம் தேங்கக்கூடும். மணிக்கணக்கில் காலை அசைக்காமல் படுத்திருக்கவும் வேண்டும். 2011-இல் 7021 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில் குழாய்க் காயங்கள் தொடையில் நூற்றுக்கு 3.7, கையில் 1.4. 2015-இல் 8404 பேரிடம் நடந்த மற்றொன்றில் ஒரு மாதத்துக்குள் இறந்தோர் தொடை வழியில் நூற்றுக்கு 2.2, கை வழியில் 1.6. ஆக, பெரும்பாலோருக்கு வெட்கமும் பாதுகாப்பும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

ஆனால் பெண்களுக்குக் கைக் குழாய் மெல்லியது, இறுகிக்கொள்வதும் உண்டு. முதலில் சொன்ன ஆய்வில், கை வழியில் அதிகம் பழகிய மருத்துவமனைகளில்தான் அதன் பலன் கூடுதலாகத் தெரிந்தது. சிறுநீரக நோயாளியின் நிலையை மேலே கண்டோம். கையில் தொடங்கித் தொடைக்கு மாற நேரலாம் என்பதற்காகப் பல இடங்களில் இரண்டையுமே சுத்தம் செய்து வைக்கிறார்கள். கை என்று எழுதி வாங்கிவிட்டால் தொடை திறக்கப்படாது என்பதில்லை.

எனவே மஸ்அலா இதுதான்: வெட்கம் ஈமானின் ஒரு பகுதி, கை வழி ஆகுமா என்று கேட்பது நோயாளியின் உரிமை. காரணத்தைச் சொல்வது டாக்டரின் கடமை. அதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும், சொல்வோர்தாம் குறைவு. நம்பத்தகுந்த மருத்துவர் காரணத்தோடு தொடை என்றால் அதுவே நிர்ப்பந்தம். பிறகு மறுப்பது பேணுதல் ஆகாது. அப்போதும் தேவையான இடம் தவிர மற்றவற்றைத் துணியால் மூடச் சொல்லலாம். பெண்ணுக்குப் பெண் நர்ஸே முடி மழிக்கட்டும் என்று கோரலாம். (நாற்பது நாளைத் தாண்டவிடாத சுன்னத்தைப் பேணுவோருக்கு அந்த வேலையும் குறைவு!) கேட்டால் பெரும்பாலும் செய்து தருகிறார்கள்.

தொழுகை விஷயத்தில் நிலைமை தலைகீழ். தொடையில் போடும் கட்டு உளூவின் உறுப்பில் இல்லை. மணிக்கட்டில் கட்டும் பட்டையோ கையில் இருக்கிறது. ஹனபி மத்ஹபில் அதன்மேல் மஸஹு செய்தால் போதும். ஷாபிஈ மத்ஹபில் தயம்முமும் சேர வேண்டும். கட்டு தயம்முமின் உறுப்பிலேயே இருப்பதால் அத்தொழுகையை மீட்டித் தொழவும் வேண்டும். பட்டையைச் சில மணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள் என்பதால், வக்து இருந்தால் காத்திருப்பது இலேசு. அசையக் கூடாதென்று படுத்திருப்பவர் படுத்தபடியே தலைச் சைகையால் தொழ வேண்டும்.

அந்தத் தாயாருக்கு இது தெரியவில்லை; ஸ்டென்ட் வைத்த அன்று அஸரையும் மக்ரிபையும் விட்டுவிட்டார்கள். ஊர் திரும்பியதும் இரண்டையும் களாச் செய்ததாக மகன் நம்மிடம் சொன்னார்.