எருதுக்கு என்ன பொருள்?

சீடன்: ஐயா, பிக்காசோவின் ‘குவெர்னிக்கா’ ஓவியத்தில் இடப்பக்கம் நிற்கிற எருதுக்கு என்ன பொருள்? 1945இல் ஒரு நேர்காணலில் அது கொடூரத்தையும் இருளையும் குறிப்பதாக அவரே சொன்னார். பிறகு, எருது எருதுதான் என்றும் சொல்லிவிட்டார். வரைந்தவரே மாற்றிப் பேசினால் நாம் எதைப் பிடித்துக்கொள்வது?

குரு: எருதின் தலைக்குக் கீழே இருப்பது யார்?

சீடன்: இறந்த பிள்ளையை ஏந்திய தாய்.

குரு: அவளைப் பார்த்தபோது பொருள் கேட்டாயா?

சீடன்: இல்லை. ஆனால், அழுகை எல்லா ஊரிலும் ஒன்றுதானே ஐயா? 1937 ஏப்ரல் 26 அன்று ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் ஸ்பெயினின் பாஸ்க் ஊரான குவெர்னிக்காவின்மேல் குண்டு போட்டன. அதை அறியாதவன் துக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவான். கொன்றவன் தப்பிவிட மாட்டானா?

குரு: என்னையும் நெடுநாள் அலைக்கழித்த கேள்வி இது. தெருவில் போகிறவன் காதில் ஒப்பாரி விழுகிறது. செத்தது யாரென்று தெரியாமலே நின்றுவிடுகிறான். நின்ற பிறகுதான் யார், எப்படி என்று விசாரிக்கிறான். இந்த ஓவியமும் அப்படித்தான் நம்மை நிறுத்துகிறது. ஊரின் பெயரையே தலைப்பாக வைத்ததால் விசாரிக்கவும் வைக்கிறது.

சீடன்: மேலே எரியும் மின்விளக்கு?

குரு: அது இருக்கட்டும். தாயைப் பார். கழுத்து பின்னோக்கி வளைந்திருக்கிறது. நாக்கு கத்திமுனை. கண்களே கண்ணீர்த் துளியின் வடிவம். ஏறத்தாழ 7.8 மீட்டர் அகலமுள்ள துணியில் கறுப்பு, வெள்ளை, சாம்பல்தான். சொட்டு ரத்தச் சிவப்புகூட இல்லை. ஒப்பாரியைக் கோடுகளே வைக்கின்றன.

ஓவியம் வளர்ந்த நிலைகளைப் புகைப்படக் கலைஞர் டோரா மார் புகைப்படம் எடுத்து வைத்திருக்கிறார். தொடக்கத்தில், வீழ்ந்து கிடக்கும் வீரன் முஷ்டியை உயர்த்துகிறான். இடதுசாரிகளின் வணக்கம் அது. அன்று எவருக்கும் விளக்கம் வேண்டியிராது. அடுத்த நிலையில் அந்தக் கை தானியக் கதிர்களைப் பற்றியிருக்கிறது. பிறகு அந்தக் கையே இல்லை. கடைசி ஓவியத்தில் அவனுடைய ஒரு கையில் உடைந்த வாள்; அருகே ஒரு சிறு பூ. சட்டென்று புரிகிற குறியீட்டை அழித்த பிக்காசோ தாயை அழிக்கவில்லை. எதை நம்பி அவர் வரைந்தார் என்பதற்கு நேர்காணல்களைவிட இந்தப் புகைப்படங்களே வலுவான சாட்சி. எருது கொடூரமா, தாய்க்குக் காவலா என்று இரண்டு விதமாகவும் வாதாடலாம். அவள் துக்கத்தில் வாதத்துக்கு இடமில்லை.

மாட்ரிட்டின் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்துக்குப் போக வாய்ப்புள்ளவர்கள் முதலில் அந்தத் தாயின் முன் நில்லுங்கள். எருதைப் பற்றிய நூல்களைப் பிறகு படிக்கலாம்.