அம்புக்குறி எந்தப் பக்கம்?

கடலூர் பக்கம் ஒரு மீனவக் கிராமம். அங்கே இருக்கும் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உணவுச் சங்கிலி சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். பிளாங்டன், கூனி, நெத்திலி, வஞ்சிரம், சுறா என்று கரும்பலகையில் வரிசையாக எழுதிவிட்டு, "யாராவது வந்து அம்புக்குறி போடுங்க பாக்கலாம்" என்றேன்.

ஒரு சிறுமி வந்தாள். சுறாவிலிருந்து வஞ்சிரத்துக்கு, வஞ்சிரத்திலிருந்து நெத்திலிக்கு, நெத்திலியிலிருந்து கூனிக்கு என்று கடகடவெனப் போட்டாள். எல்லாமே தலைகீழ். "தப்பும்மா, தின்னப்படுறதுல இருந்து தின்னுறதுக்குப் போகணும்" என்றேன்.

"சுறாதானே சார் தொரத்துது? வஞ்சிரமா போயி அதுகிட்ட மாட்டிக்குது?"

என்னிடம் பதில் இல்லை. "புத்தகத்துல அப்படித்தான் இருக்கு" என்று சொல்லி வைத்தேன். ஓர் ஆசிரியர் சொல்லக்கூடிய மிக மோசமான பதில் இதுதான்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் அந்தக் கேள்வி கூடவே வந்தது. அம்பு என்றால் எய்வது. யார் யாரை எய்கிறார்கள் என்று அவள் போட்டிருந்தாள். புத்தகத்தின் அம்பு, உணவு எங்கிருந்து எங்கே போகிறது என்று சொல்கிறது. கடல் ஒன்றுதான். ஆனால் ஒரு படத்தில் தெரிவது அதிகாரம், இன்னொன்றில் தெரிவது கடன்.

முதல் படம் நமக்கு நன்றாகப் பழக்கம். அர்த்தசாஸ்திரம் அதை மாத்ஸ்ய நியாயம் என்கிறது: தண்டிக்க ஆள் இல்லாவிட்டால் பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும். ஆபீஸில் ஒருத்தனை ஓரங்கட்டினால்கூட இதைத்தான் சொல்லித் தேற்றுகிறோம். "கடல்ல அப்படித்தானப்பா, என்ன பண்றது?"

கடலில் அப்படி மட்டும் இல்லை. மீன்களிலேயே மிகப் பெரியதான திமிங்கலச் சுறாவின் முக்கிய உணவு பிளாங்டன். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் போய்ச் சேரும். இந்த வழியில் முதலில் கணக்குப் பார்த்தவர் ரேமண்ட் லிண்டமன். அந்தக் கட்டுரை 1942இல் வந்தது. விகிதம் இடத்துக்கு இடம் மாறும். இருந்தாலும் நம் கரும்பலகையில் போட்டுப் பாருங்கள்: ஒரு கிலோ வஞ்சிரத்துக்குப் பத்து கிலோ நெத்திலி, அதற்கு நூறு கிலோ கூனி, அதற்கு ஆயிரம் கிலோ பிளாங்டன். மேலே இருப்பவன் பலசாலிதான். ஆனால் கீழே கொஞ்சம் குறைந்தால் முதலில் ஆட்டம் காண்பதும் அவன்தான்.

இதை உடனே ஒரு நீதிக்கதை ஆக்கிவிடவும் கூடாது. சுறாவுக்குக் கடன் உணர்ச்சி எதுவும் கிடையாது. அம்பு எந்தப் பக்கம் பார்த்தாலும் நெத்திலிக்கு நடப்பது ஒன்றுதான். கடல் கொடுமையையும் கற்றுத் தராது, கருணையையும் கற்றுத் தராது. கடன் என்ற பேச்சு, கரும்பலகையைப் படிக்கத் தெரிந்தவனுக்கு மட்டும்தான்.

அடுத்த வாரம் போய் அந்தச் சிறுமியிடம், "நீ போட்டதுலயும் நியாயம் இருக்கும்மா" என்று சொல்லி, இரண்டு படத்தையும் விளக்கினேன். பிறகு சங்கிலியின் கடைசியில் 'மனிதன்' என்று எழுதினேன். சின்னக் கண் வலையில் குஞ்சு மீனெல்லாம் மாட்டுவதையும், இனப்பெருக்கக் காலத்தில் மீனை விட்டுவைக்க வேண்டியதையும் சொன்னேன். பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அவன் அப்பா விசைப்படகில் போகிறவர்.

"அப்போ எங்கப்பா பண்றது தப்பா சார்?"

வகுப்பே அமைதியாகிவிட்டது.

அந்தக் கேள்வியில்தான் என் தவறு எனக்குத் தெரிந்தது. 'மனிதன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். எந்த மனிதன்? அவர்கள் வீட்டுக் குழம்பில் நெத்திலி. அவன் அப்பா பிடிக்கும் வஞ்சிரம் கரையிலேயே ஏலம் போய், ஐஸ் பெட்டியில் சென்னைக்கு வருகிறது. முந்தின ராத்திரி அதை வறுத்துச் சாப்பிட்டவன் நான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் அவர் தொழிலை விட்டுக் கரையில் நிற்கிறார். நான் கடையில் நின்று, "என்னங்க இந்த விலை சொல்றீங்க?" என்று அலுத்துக்கொள்கிறேன். சங்கிலியின் கடைசியில் அவரை நிறுத்திவிட்டு, நான் சாக்பீஸோடு வெளியே நின்றிருந்தேன்.

சின்னக் கண் வலை கடலுக்குக் கெடுதல்தான். அதை மறைத்துச் சொன்னால் அந்தப் பையனுக்குத்தான் துரோகம். ஆனால் பாடம் நடத்துகிறவன் தன்னை விட்டுவிட்டு வரைகிற சங்கிலி, பாதி பொய்.

'மனிதன்' என்பதை அழித்துவிட்டு, அப்பா, ஏலக்காரர், ஐஸ் வண்டி, மீன் கடை என்று எழுதி, கடைசியில் 'சார்' என்று போட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"தப்புன்னா, அதுல எனக்கும் பங்கு இருக்குடா" என்றேன்.

கொஞ்ச நேரம் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து வந்து சாக்பீஸை வாங்கி, அப்பாவிலிருந்து எனக்கு வருகிற அம்புகளை இன்னும் கொஞ்சம் அழுத்திப் போட்டுவிட்டுப் போனான்.