குடமும் குயவனும்

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களில், அச்சுக்குள் வார்த்த மண்குழம்பின் நீரைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் உறிஞ்சிக்கொள்ள, உட்புறம் ஒட்டி நின்ற மெல்லிய படலமே பொம்மையாக எஞ்சுவதைக் காணும்போது, குடத்துக்குக் குயவன்போல உலகுக்கும் ஒரு கர்த்தா உண்டு என்ற, நியாய தரிசனத்தாராகிய நையாயிகரின் அனுமானமும், மண்ணை முதற்காரணமாகவும் திரிகையைத் துணைக்காரணமாகவும் குயவனை நிமித்த காரணமாகவும் வகுத்த சைவ சித்தாந்தமும் நினைவில் எழுகின்றன.

செயற்கை நுண்ணறிவுத் துறையினர் நையாயிகரின் அனுமானத்தை மாறிகளால் எழுதுவர்: எப்பொருளாயினும், அது காரியமாயின், அதற்குக் கர்த்தா உண்டு. நார்வே நாட்டுத் தர்க்க அறிஞர் ஸ்கோலம் காட்டிய வழியில் அக்கர்த்தா 'இப்பொருளின் கர்த்தா' என்னும் சார்பாகிறார்; பொருள் மாறினால் அவரும் மாறக்கூடும். உலகமும் காரியமே என்று ஒப்பிவிட்டால், 1965-இல் ஜான் ஆலன் ராபின்சன் வெளியிட்ட முறைப்படி, மாறியின் இடத்தில் உலகத்தைப் பொருத்தி, 'உலகத்தின் கர்த்தா' என்ற முடிபைக் கணினி நொடியில் தந்துவிடும். ஆனால் அனைத்துக்கும் கர்த்தா ஒருவரே என்பது அவ்வாக்கியத்திலிருந்து ஒருபோதும் பிறவாது. பலரைக் கற்பிப்பதினும் ஒருவரைக் கொள்வதே லாகவம், அதாவது சிக்கனம், என்று நையாயிகர் தனியே வாதித்தது, இந்த இடைவெளியை உணர்ந்தமையால்தான் என்பது என் துணிபு.

அன்றியும், அச்சு செய்தவர், குழம்பு வார்த்தவர், சூளையில் சுட்டவர் என ஒரு பொம்மைக்கே பலர் உளர். சார்போ அவருள் ஒருவரைச் சுட்டிவிட்டு மற்றையோரைப் பற்றி மௌனம் சாதிக்கிறது. அதே விருத்தாசலத்தில் பழமலைநாதர் சந்நிதியில் அடியார் இறைவனை ஏகன் என்று துதிப்பது ஆகமத்தாலும் அனுபூதியாலும் விளைந்த உறுதி. அவ்வுறுதியின் பாரம் முழுவதையும் அனுமானத்தின் தலையில் ஏற்றுவது பக்திக்கும் நன்றன்று, தர்க்கத்துக்கும் நியாயமன்று.