வரிசையும் நீதியும்

குருநகர்க் கடற்கரையில் வளர்ந்தவர்க்குத் தீவுகள் தொலைவானவை அல்ல. எங்கள் துறையில் நின்று நோக்கினால் மண்டைதீவு கண்ணெதிரே கிடக்கும். எனினும் என் தலைமுறையினர் பலர் நெடுந்தீவை முப்பது வயதுக்குப் பின்னரே கண்டோம். கடல் எமக்கு அச்சத்தின் பெயராய் இருந்த காலம் அது. 1985 மே 15 ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கு மேற்பட்ட பயணிகள் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு ஜூன் 10 ஆம் நாள், மண்டைதீவுக் கடலிற் தொழில் செய்துகொண்டிருந்த குருநகர் மீனவர் 31 பேர் கொல்லப்பட்டனர். அந்தப் பெயர்களைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

எனவே, அண்மையில் ஒரு விடுமுறை நாளிற் பொதுப் படகேறி, காலையில் நெடுந்தீவும் மாலையில் நயினாதீவும் கண்டு திரும்புவோம் என நண்பர் நால்வரோடு புறப்பட்டபோது, அது வெறும் பொழுதுபோக்காக எனக்குத் தோன்றவில்லை. இழந்த உரிமையொன்றை மீட்பதாகவே தோன்றிற்று. அந்த எண்ணமே பின்னர் என் பிழைக்குப் போர்வையாகவும் அமைந்தது.

பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானை அடைந்து படகேறினோம். ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம். படகில் இருவகை மக்கள் இருந்தனர். நாங்கள் கரையையும் அலையையும் பறவைகளையும் பார்த்துக்கொண்டிருந்தோம். தீவார் தம் அரிசி மூட்டைகளையும் மண்ணெண்ணெய்க் கலன்களையும் பார்த்துக்கொண்டிருந்தனர். எமக்குக் கடல் காட்சி. அவர்களுக்கு அது தெரு. இந்த வேறுபாட்டை நான் அப்பொழுதே கண்டேன். கண்டும் அதன் பொருளை உணர்ந்தேனல்லேன்.

நெடுந்தீவின் அழகைப் பலர் எழுதிவிட்டனர். சுண்ணாம்புச் சேர்க்கையின்றிப் பவளக் கற்களை அடுக்கிய வேலிகளும், பெருக்குமரமும், வெளியிற் திரியும் குதிரைகளும், ஒல்லாந்தர் காலத்து இடிபாடுகளும் எம்மையும் மகிழ்வித்தன. ஒல்லாந்தர் இத்தீவுக்குத் தம் நாட்டு நகரொன்றின் பெயரையிட்டு ‘டெல்வ்ற்’ என்றழைத்தனர். வெளியிலிருந்து வருபவன் தனக்கு வேண்டியதையே ஓரிடத்திற் காண்கிறான் என்பதற்கு அப்பெயரே சான்று. நாங்களும் அன்று அதைத்தான் செய்தோம்.

மாலைப் படகுக்காக மாவிலித்துறையில் முந்தியே வந்து நின்றோம். நயினாதீவையும் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் எமக்கு. படகோட்டி தலைகளை எண்ணி ஏற்றினார். எமக்குப் பின் இன்னும் சிலர் ஏறினர். அத்துடன் அளவு முடிந்தது. அப்பால் நின்ற முதியவர் ஒருவரின் முன் அவருடைய கை நீண்டு மறித்தது. முதியவரின் கையிற் பொலித்தீன் உறையிலிட்ட கிளினிக் அட்டை. மறுநாட் காலை யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியில் அவருக்கு முறை. காலைப் படகிற் சென்றால் அங்கே வரிசையின் கடைசியிலேயே நிற்க நேரும் என்பதால், அன்றே சென்று மகள் வீட்டிற் தங்க எண்ணி வந்திருந்தார். “பரவாயில்லைத் தம்பி, நாளைக்குப் போவம்” என்றார். யாரிடம் சொன்னாரென்று தெரியவில்லை. பார்வை மட்டும் என்மேல் இருந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. இதனை எழுதுவதன் காரணமும் அதுவே.

“நாம் யாரையும் தள்ளிவிட்டு ஏறவில்லையே! முந்தி வந்தோம், முந்தி ஏறினோம்” என்றார் நண்பரொருவர். அவர் கூற்றை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. வரிசை என்பது சாதாரண அமைப்பன்று. கோயிலிலும் கிணற்றடியிலும் தேநீர்க் கடையிலும் பிறப்பே ஒருவனது இடத்தைத் தீர்மானித்த மண் இது. 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் போராட வேண்டியிருந்த மண் இது. அத்தகைய சமுதாயத்தில் ‘முந்தி வந்தவன் முந்திப் பெறுவான்’ என்ற விதி ஒரு புரட்சியே ஆகும். பணத்தையும் சாதியையும் கேளாதிருப்பது அதன் பெருமை.

ஆனால், அது தேவையையும் கேளாது. அதுவே அதன் குறை. ‘யார் முதலில் வந்தார்?’ என்று மட்டுமே அது வினவும், ‘எதற்காக வந்தார்?’ என்று வினவாது. உல்லாசத்துக்காக வந்தவனும் உயிருக்காக வந்தவனும் அதன் கண்ணில் இரு தலைகள் மாத்திரமே. முந்தி வருவதற்கும் ஓய்வு வேண்டுமன்றோ? ஓய்வுடையவன் எந்த வரிசையிலும் முன்னே நிற்பான்.

சங்கப் புலவர் கபிலர், மலையமான் திருமுடிக்காரியிடம் இதையொத்த கருத்தொன்றைக் கூறினார். கொடுப்பது எளிது, பெறுவோரின் தரமறிந்து கொடுப்பதே கடினம். ஆதலின் அனைவரையும் ஒன்றாக நோக்கும் நோக்கைக் கைவிடு என்பது அவர் அறிவுரை. அவர் கேட்டது புலமையின் தரத்துக்கு மதிப்பு. நாம் கேட்க வேண்டியது தேவையின் தரத்துக்கு மதிப்பு. ‘வரிசை’ என்ற சொல்லுக்கே தமிழில் ஒழுங்கு என்பதோடு தகுதிக்கேற்ற சிறப்பு என்றும் பொருளுண்டு. முதற்பொருளைப் பற்றிக்கொண்டு இரண்டாவதை நாம் மறந்துவிட்டோம்.

அப்படியாயின், காண வருவோர் தீவுக்கு வரலாகாதா? அவ்வாறு கூறுவதும் நீதியன்று. அவர் கொணரும் பணம் தீவாரிற் சிலருக்கேனும் பிழைப்பு. அன்றியும், கடலை இழந்திருந்த எம்மவர்க்கு அதனை மகிழ்ந்து காணும் உரிமையும் உண்டு. இத்தாலியின் வெனிஸ் நகரிலும் இதே சிக்கல் எழுந்தது. அங்கே பொதுப் படகுகளில் உள்ளூரார்க்குக் கட்டணம் குறைவு. 2024 ஏப்ரல் 25 முதல், நெருக்கடி மிக்க நாள்களிற் பகற்பொழுதுக்கு மட்டும் வந்து திரும்புவோரிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணமும் அறவிடத் தொடங்கினர். ஆயினும் கட்டணம் முழுத் தீர்வாகாது. காசுள்ளவன் அதைக் கொடுத்துவிட்டு முன்னே செல்வான். வரிசையின் இடத்தைப் பணப்பை பிடித்துக்கொள்ளும்.

தீவார்க்கெனச் சில இருக்கைகளை இறுதிவரை ஒதுக்கி வைப்பதும், நோயாளரை முதலில் ஏற்றுவதும், விடுமுறை நாள்களில் மேலதிகப் படகு விடுவதும் பெருஞ்செலவான காரியங்களல்ல. தனிமனிதரின் இரக்கத்தை நம்பி முதியவர் ஒருவரைத் துறையில் நிறுத்தி வைப்பது நாகரிகமாகாது. ஆனால் இவ்வாறு கூறி, என் பொறுப்பைச் சமுதாயத்தின் தலையிற் சுமத்திவிட்டு நான் தப்பவும் முடியாது. அமைப்புத் திருந்தும்வரை அந்த இருக்கை என்னுடைய கையிலேயே இருந்தது. எழுந்து நின்றிருந்தால் எனக்கு நட்டம் நயினாதீவும் ஓரிரவும். எழாததால் அவருக்கு நட்டம் என்ன என்பதை நான் அறியேன். ஒரு வரிசையில் நான் முந்தியதால் இன்னொரு வரிசையில் அவர் பிந்தினார் என்பதை மட்டும் அறிவேன்.

அன்று மாலை நயினாதீவையும் கண்டோம். அங்கே கண்டவற்றில் எதுவும் இப்பொழுது நினைவில் இல்லை. துறையில் நின்றவரின் கையிலிருந்த அட்டை மட்டுமே நினைவில் நிற்கிறது.

அடுத்த வாரம் வகுப்பில், பேருந்தில் முந்தி ஏறியவனுக்கே இருக்கை சொந்தமா என்று மாணவரிடம் வினவினேன். “முந்தி ஏறினவனுக்குத்தான் சேர்” என்றனர் பெரும்பாலோர். பின்வாங்கிலிருந்த ஒருவன் மட்டும், “நிக்கிறது ஆர் எண்டு பாக்க வேணும்” என்றான். அவனுக்கு அதை நான் கற்பித்ததில்லை. நான்தான் அவனிடம் கற்க வேண்டியிருந்தது.